புலப்படம்: மைப்பேனாவிலிருந்து கைப்பேசி வரை



காரைக்கால் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியபின், "ரெக்கார்டு ரூம் கதையையும் எழுதுங்கள்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கதையை, பொங்கல் முடிந்த மறுவாரம் எங்கள் தெருவுக்குப் பின்னால் பாக்குத் தோப்பில் நடந்த சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சுற்றி வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டாமுத்தூரில் அடுத்தடுத்துத் தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பங்காளிகள். பெயர் வேண்டாம், பெரியவர், சின்னவர் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஒரு பழைய வாய்க்கால்தான் பொழி. அந்த வாய்க்கால் ஓரிடத்தில் சின்னவர் பக்கமாக லேசாக வளைந்து, பிறகு நேராகிறது. வளைவுக்குள் பெரியவருடைய போர்வெல்லும் ஒரு தென்னையும் இருக்கின்றன. சின்னவரின் மகன் நிலம் வாங்க விற்க உதவும் ஏதோ ஒரு தனியார் செயலியைக் கைப்பேசியில் போட்டுப் பார்த்திருக்கிறான. அதில் எல்லைக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக ஓடுகிறது. அந்தக் கோட்டின்படி வளைவே கிடையாது. போர்வெல் சின்னவர் நிலத்தில். மறுநாள் காலையில் கல்லுக்கால் நடக் குழி தோண்ட ஆள் வந்துவிட்டது.

பெரியவர் மூச்சிரைக்க என்னிடம் வந்தார்.

"கிளார்க் ஐயா, நீங்க ரெக்கார்டு ரூம்ல இருந்தவீங்கதானுங்க? போன்ல தெரியற கோடு நெசமுங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடம் சர்க்கார் காகிதத்தோடு வாழ்ந்தவனுக்கே தெரியவில்லை. லீவுக்கு வந்திருந்த பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். பிரவுசரில் வரைபடம் வரையும் வேலைதான் அவளுக்கு. அன்றைக்கும் அதற்கடுத்த சில நாட்களும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதும், நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஹெக்டேரும் ஏரும்

உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்ற கட்டத்தில் "ஹெக்டேர் - ஏர்" என்று இருக்கும். நம் ஊரில் சென்ட், ஏக்கர் என்றால்தான் பேச்சு. அதற்கு முன்னால் வள்ளக் கணக்கு. இந்த "ஏர்" என்ற சொல்லைப் பார்த்து உழுகிற ஏர் என்று நினைத்தவர்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அது பிரெஞ்சுச் சொல். 1795-இல் பிரான்சில் மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றோடு சேர்த்துச் சட்டமாக்கப்பட்ட அளவு. நூறு சதுர மீட்டர் ஓர் ஏர்; நூறு ஏர் ஒரு ஹெக்டேர். நம் கணக்கில் ஓர் ஏர் என்பது 2.47 சென்ட்.

காரைக்காலில் நான் பள்ளியில் சேர்ந்தபோது பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்துவிட்டது; 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் முடிந்தது. ஆனால் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் ஆதியில் மீட்டர் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார் வாத்தியார். அப்பா தவறியபின் தாய்மாமன் என்னைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்தார். இங்கே பரீட்சை எழுதி 1975-இல் குமாஸ்தா ஆனேன். பிரெஞ்சு எதற்கும் உதவவில்லையே என்று வருந்தியிருக்கிறேன். 1979-இல் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம், யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது, வந்தபோது பழைய ஏக்கர் கணக்கெல்லாம் ஹெக்டேருக்கு மாறியது. ஆபீஸே திணறியது. எனக்கு மட்டும் பழைய வகுப்பறைக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது.

நிலத்தை வயல் வயலாக அளந்து படம் போட்டு, அந்தப் படத்தை வைத்து வரி போடும் முறையைப் பிரான்சில் 1807-இல் நெப்போலியன் சட்டமாக்கினார். அதற்குக் "கதாஸ்த்ர்" என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் அளவை வேலை வேரூன்றிக்கொண்டிருந்தது. 1794-இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னால் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோடு அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக வைத்து நாட்டையே அளக்கும் வேலை கிளம்பியது. கோயமுத்தூர்ச் சீமையும் அந்த முக்கோணங்களுக்குள் வந்தது. அவர் கொண்டுபோன தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி, கருவி நசுங்கிவிட்டது. அதை அவரே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார் என்று படித்திருக்கிறேன்.

லாம்ப்டன் அளந்தது மலை உச்சிகளையும் கோபுரங்களையும். வயல்களை அளந்தது பின்னால் வந்த ரெவின்யூ சர்வே. சர்வே எண் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்று, கிராமம் கிராமமாகப் புலப்படச் சுவடி உருவானது. இன்றும் எப்.எம்.பி. என்று நாம் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். எல்லைக் கற்களுக்கும் இந்தப் படங்களுக்கும் சட்ட பலம் கொடுத்தது 1923-ஆம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம்.

ஏணிக் கணக்கு

புலப்படத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது பார்க்கப் படம். ஆனால் அதன் உயிர் எண்களில் இருக்கிறது.

ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குச் சங்கிலி பிடித்து ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் நடந்து போகும்போது, எல்லை எங்கெங்கே வளைகிறதோ அங்கெல்லாம் செங்குத்தாகத் திரும்பி, எல்லை வரை எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். இத்தனை மீட்டரில் இத்தனை மீட்டர் வலது. இத்தனை மீட்டரில் இத்தனை இடது. எழுதிப் பார்த்தால் நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் படிகளுமாக ஏணி மாதிரி இருக்கும். சர்வேயர்களும் அதை "லேடர்" என்றே சொல்வார்கள். ஏணியில் உள்ள எண்கள் கையில் இருந்தால் படம் கிழிந்துபோனாலும் திரும்ப வரைந்துவிடலாம். எண்கள் போய்ப் படம் மட்டும் இருந்தால் கஷ்டம். ஏனென்றால் 2000-க்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த படத்தில், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள மைக்கோடு தரையில் ஒரு மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். அந்த ஒரு மீட்டருக்குத்தான் வெட்டுக்குத்து நடக்கிறது.

எங்கள் ஆபீசில் வயதான டிராப்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு நான் போய் அவர் பக்கத்தில் நிற்பேன். பத்துப் பதினைந்து நகல் ஒரே நாளில் கேட்டு வந்தாலும் பதற மாட்டார். அவர் வேலை செய்த விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, பேனாவை அடிக்கடி மாற்ற மாட்டார். பத்து நகலுக்கும் உள்ள கறுப்புக் கோடுகளை எல்லாம் முதலில் முடிப்பார். பிறகு பேனாவைக் கழுவி, புள்ளிக்கோடுகள். கடைசியில் எண்கள். ஒரு படத்தை முழுதாக முடித்து அடுத்ததற்குப் போயிருந்தால் பேனா கழுவுவதிலேயே பாதி நாள் போயிருக்கும். இரண்டாவது, மாறாததைத் திரும்ப வரைய மாட்டார். உட்பிரிவுப் பிரேரணை எதுவும் வந்தால், அதைத் தடமெடுக்கும் துணியில் தனியாக வரைந்து மூலப் படத்தின் மேல் விரித்துக் காட்டுவார். பிரேரணை மாறினால் துணியை மட்டும் மாற்றுவார். மூன்றாவது, ஒவ்வொரு கோட்டுக்கும் எழுந்து வந்து என்னிடம் கேட்க மாட்டார். சந்தேகங்களை எல்லாம் ஒரு தாளில் குறித்து, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அனுப்புவார். "கோப்பு நடக்கிற நேரம்தான்யா அதிகம், வேலை செய்யற நேரம் கம்மி" என்பார்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "தாத்தா, எங்க கம்பெனியில புதுசா சேர்றவங்களுக்கு நான் எடுக்கற வகுப்பே இதுதான்" என்றாள்.

திரையில் கோடு வந்த கதை

கம்ப்யூட்டர் திரையில் மனிதன் நேராகக் கோடு போட்ட கதை 1963-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக "ஸ்கெட்ச்பேட்" என்ற நிரலைச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வரையலாம். அதில் விசேஷம் என்னவென்றால், கம்ப்யூட்டர் படத்தை வெறும் புள்ளிகளாக வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணை, இந்த இரண்டும் ஒரே நீளம் என்று உறவுகளாக வைத்துக்கொண்டது. நம் ஏணிக் கணக்கின் தம்பி என்று சொல்லலாம்.

நேர்கோடு சரி, வளைவு? இங்கே என் பழைய பிரெஞ்சுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. பேத்தி "பெசியர் கர்வ், பெசியர் கர்வ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுதிக் காட்டச் சொன்னேன். "பெசியர் இல்லை கண்ணு, பெஸியே" என்று திருத்தினேன். பியேர் பெஸியே ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர். காரின் வளைந்த தகட்டை எண்களால் சொல்வதற்கு 1960-களில் ஒரு வழி கண்டுபிடித்தார். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, நடுவில் வளைவைத் தம் பக்கம் இழுக்கும் இரண்டு புள்ளிகள். நான்கே புள்ளிகளில் ஒரு வளைவு. இதே வழியை அவருக்கு முன்பே, 1959-இல், போட்டிக் கம்பெனியான சித்ரோயனில் போல் த கஸ்தெல்ழோ என்பவர் கண்டுபிடித்திருந்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் புகழ் பெஸியேவுக்குப் போய்விட்டது. ஆபீசில் வேலை ஒருவர் செய்யப் பெயர் இன்னொருவருக்குப் போவது நமக்குத் தெரியாததா! நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் "ழ", "ஞ" முதலான எழுத்துகளும் திரையில் இப்படிப்பட்ட வளைவுகளாகத்தான் வரையப்படுகின்றன.

நம் மாநிலத்தில் புலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது இந்தப் பழைய பாடம் உதவியது. தேசியத் தகவலியல் மையத்தின் தமிழ்நாட்டுப் பிரிவு "கொலாப்லேண்ட்" என்ற மென்பொருளை உருவாக்கியது. சுவடியில் உள்ள ஏணி எண்களைத் தட்டச்சு செய்தால் அதுவே புலப்படத்தை வரைந்துவிடும். பழைய தாளை அப்படியே ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏ-4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். அதே புலத்தை ஏணியாகச் சொன்னால் சில டஜன் எண்கள். எண்ணாக இருப்பதால்தான் வீட்டிலிருந்தே எப்.எம்.பி. எடுக்கும்போது கோடு எத்தனை பெரிதாக்கினாலும் மங்காமல் இருக்கிறது.

பிரவுசருக்குள் ஒரு டிராப்ட்ஸ்மேன்

பிரவுசர் முதலில் எழுத்தும் புகைப்படமும் காட்டத்தான் பிறந்தது. கோடு போடத் தெரியாது. 1998-இல் மைக்ரோசாப்ட் கூட்டணி ஒரு முறையையும் அடோபி கூட்டணி வேறொரு முறையையும் முன்வைத்தன. இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ-3-சி அமைப்பு இரண்டையும் பார்த்து, பொதுவாக எஸ்.வி.ஜி. என்று ஒன்றை உருவாக்கி 2001 செப்டம்பரில் வெளியிட்டது. பிறகு 2004-இல் ஆப்பிள் கம்பெனி தன் சொந்தத் தேவைக்காக "கேன்வாஸ்" என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்களும் அதை எடுத்துக்கொண்டன. மைக்ரோசாப்டின் எக்ஸ்ப்ளோரர் மட்டும் இரண்டையும் 2011 வரை ஏற்கவில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேத்தி இப்படிச் சொன்னாள். எஸ்.வி.ஜி. என்பது எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றி வைத்துக்கொள்ளும் குமாஸ்தா. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பதிவு. எந்தக் கோட்டைத் தொட்டாலும் "இது இன்னாருடைய எல்லை" என்று சொல்லிவிடும். ஒரு கோட்டின் நிறத்தை மாற்று என்றால் அதை மட்டும் மாற்றும். நூறு வயல் என்றால் அருமையான ஆள். பத்தாயிரம் வயல் என்றால் பதிவேட்டைப் புரட்டியே மூச்சுத் திணறும்.

கேன்வாஸ் என்பது வரைந்ததை மறந்துவிடும் டிராப்ட்ஸ்மேன். போடு என்றால் போடும். போட்டபின் அது மையாகிவிடும். எது யாருடைய கோடு என்று அதற்கு நினைவு கிடையாது. நினைவு வைத்துக்கொள்வது நிரல் எழுதுகிறவர் பொறுப்பு. சுமை இல்லாததால் ஆயிரக்கணக்கான கோடுகளை அது விறுவிறுவென்று போடும். ஆனால் படத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும்.

எவ்வளவு விறுவிறுப்பு வேண்டும்? சாதாரணக் கைப்பேசித் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 அல்லது 17 மில்லி நொடி. நாம் ஒரு முறை கண் இமைப்பதற்குள் ஆறு படமாவது முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் விரல் ஒரு பக்கம் போகும், படம் பின்னால் தத்தித் தத்தி வரும். நம்மைப் போன்றவர்கள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கி வைத்துவிடுவோம்.

அதனால்தான் பிரவுசரோடு பேசுவதற்கு அமைக்கும் கட்டளைகளை யோசித்து அமைக்க வேண்டியிருக்கிறது என்றாள். எங்கள் டிராப்ட்ஸ்மேனின் மூன்று வழக்கங்களும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் நிறத்தையும் தடிமனையும் மாற்றச் சொன்னால் நேரம் பாழ். ஒரே மாதிரிக் கோடுகளைச் சேர்த்து, ஒரே பாதையாக்கி, ஒரே கட்டளையில் போடச் சொல்ல வேண்டும். மாறாத வரைபடம் ஒரு தாளிலும், விரலோடு நகரும் குறி அதன்மேல் கண்ணாடித் தாளிலுமாகக் கேன்வாஸை அடுக்கடுக்காக வைக்க வேண்டும். திரைக்கு வெளியே இருக்கும் வயல்களை வரையவே கூடாது.

கோப்பு நடக்கிற விஷயமும் உண்டு. இப்போதெல்லாம் வரையும் வேலையை வரைகலைச் சில்லு என்ற தனி ஆள் செய்கிறது. கட்டளைகள் வரிசையாக அதனிடம் போய்க்கொண்டே இருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் "இதுவரை வரைந்த தாளைக் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று நிரல் கேட்டால், அதுவரையுள்ள வேலை முடிகிற வரைக்கும் எல்லோரும் கை கட்டி நிற்க வேண்டியதுதான். தாளைத் திருப்பிக் கேட்கிற பழக்கத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு வேகம். இதைக் கேட்டபோது, மேலதிகாரிக்குப் போன கோப்பைப் பாதியில் திருப்பி வாங்கி நான் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. 2011-இல் வந்த வெப்-ஜி.எல். இந்தச் சில்லோடு நேராகப் பேசும் வழி. லட்சக்கணக்கான புள்ளிகளை மொத்தமாக ஒரு தடவை ஒப்படைத்துவிட்டு, பிறகு "அதையே இந்தக் கோணத்தில் காட்டு" என்று மட்டும் சொன்னால் போதும்.

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தபோது இந்த வசதியெல்லாம் பிரவுசர்களில் இல்லை. அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வரைபடத்தை முன்கூட்டியே வரைந்து, சிறு சதுர ஓடுகளாக வெட்டி வைத்து, திரைக்குத் தேவையான ஓடுகளை மட்டும் அனுப்பினார்கள். கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி. இழுத்தால் படம் நகர்ந்த அந்த வேகத்தைப் பார்த்து உலகமே வியந்தது.

காணாமல் போன வளைவு

இனி பாக்குத் தோப்புக்குத் திரும்புவோம்.

பேத்தி அந்தத் தனியார் செயலியின் இணையப் பக்கத்தை மடிக்கணினியில் திறந்தாள். பிரவுசருக்குள் என்னென்ன வந்து இறங்குகிறது என்று பார்க்க வழி இருக்கிறதாம். பார்த்தாள். நான் பெரியவர் வைத்திருந்த எப்.எம்.பி. நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கல்லுக்குக் கல் நேர்கோடு 84.6 மீட்டர். அதில் 31.2 வரை எல்லை கோட்டோடு ஒட்டிப் போகிறது. 52-ஆம் மீட்டரில் 1.8 மீட்டர் வெளியே. 71.2-இல் மறுபடி கோட்டுக்கே வந்துவிடுகிறது. இரண்டு கல்லையும் சேர்த்து மொத்தம் ஐந்து புள்ளிகள்.

"தாத்தா, இங்க இரண்டே புள்ளிதான் வந்திருக்கு" என்றாள். இரண்டு கற்கள் மட்டும். நடுவில் இருந்த மூன்றும் காணோம்.

அதைத் திருடினவர் யாருமில்லை. வேகத்துக்காக வேண்டுமென்றே விட்டது. 1973-இல் டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவர் வெளியிட்ட ஒரு முறை உலகம் முழுக்க வரைபடங்களில் பயன்படுகிறது. ஒரு வளைகோட்டின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்துப் பார். நடுவில் உள்ள எந்தப் புள்ளியும் அந்த நேர்கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் விலகவில்லை என்றால் அவற்றை விட்டுவிடு. விலகினால், மிக அதிகமாக விலகிய புள்ளியை வைத்துக்கொண்டு, கோட்டை அங்கே இரண்டாக்கி மறுபடி அதையே செய். நல்ல முறைதான். மாவட்டத்தையே திரையில் காட்டும்போது ஒவ்வொரு வாய்க்கால் வளைவையும் வரைவது வீண். ஒரு கணக்குச் சொல்கிறேன். நான்கு கிலோமீட்டர் அகலத்தை 1,080 புள்ளி அகலமுள்ள கைப்பேசியில் காட்டினால் ஒரு புள்ளிக்குள் தரையின் 3.7 மீட்டர் அடங்கிவிடும். இரண்டு புள்ளி தடிமனில் கோடு போட்டால் ஏழு மீட்டருக்கு மேல் மறைந்துபோகும். அதில் 1.8 மீட்டர் வளைவு எங்கே தெரியப்போகிறது?

தவறு எங்கே என்றால், கிட்டத்தில் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கும்போதும் அந்தச் செயலி அதே சுருக்கின புள்ளிகளையே வைத்து வரைந்தது. விலக்கு எல்லையை இரண்டு மீட்டர் என்று யாரோ வைத்திருக்க வேண்டும் என்றாள் பேத்தி. வளைவு 1.8. இருபது சென்டிமீட்டரில் தப்பிக்காமல் போயிற்று. கோடு மட்டும் பளிச்சென்று, கூர்மையாக, ஒரு சந்தேகமும் இல்லாத மாதிரி நிற்கிறது. பழைய மைக்கோடாக இருந்தால் அதன் தடிமனே "என்னை ரொம்ப நம்பாதே" என்று சொல்லியிருக்கும்.

நான் பரப்பைக் கணக்குப் போட்டேன். அடி 40 மீட்டர், உயரம் 1.8 மீட்டர் உள்ள முக்கோணம். 36 சதுர மீட்டர். ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு சென்ட்டுக்குள்தான் போர்வெல்லும் தென்னையும். அதைவிட, சிறுவயதில் ஒரே வாய்க்காலில் குளித்த இரண்டு பேருடைய பேச்சுவார்த்தையும் அதற்குள்தான் இருந்தது.

சின்னவர் வீட்டுக்கு நானே போனேன். படத்தையும் எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் மகன் கெட்டிக்காரன், உடனே புரிந்துகொண்டான். அவர்தான், "அளந்து காட்டட்டுமுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அதுவும் நியாயம்தான். மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, சர்வேயர் வந்தார். இரண்டு கற்களில் ஒன்று வாழைக்கன்றுகளுக்குள் மண்ணில் புதைந்திருந்தது, தோண்டி எடுத்தோம். நேர்கோட்டில் 52 மீட்டரில் நின்று செங்குத்தாக 1.8 மீட்டர் அளந்தபோது டேப்பின் முனை வாய்க்கால் கரையில் வந்து நின்றது. போர்வெல் உள்ளேதான் இருந்தது. சின்னவர் ஒன்றும் பேசவில்லை. குழி தோண்டினவர்களைக் கூப்பிட்டு மண்ணைத் தள்ளி மூடச் சொன்னார். இருவரும் இன்னும் முன்போல் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மாசியில் பெரியவர் வீட்டுச் சீருக்குச் சின்னவர் வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது.

இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். உங்கள் பிள்ளைகள் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கைப்பேசியில் நம் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம எல்லை இப்படி இருக்கே" என்று கேட்பார்கள். மூன்று விஷயம் சொல்லிவைக்கிறேன். தனியார் செயலியில் தெரிவது சுற்றிப் பார்க்க உதவும். எல்லை போட உதவாது. எப்.எம்.பி. நகலை எடுத்தால் கோட்டைப் பார்ப்பதோடு விடாதீர்கள், பக்கத்தில் உள்ள எண்களைப் படியுங்கள். உங்கள் கற்கள் எங்கே இருக்கின்றன என்று கால் நடக்கும்போதே ஒரு தடவை பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள்.

பேத்தி போன வாரம் போன் செய்தாள். அவர்கள் கம்பெனி வரைபடத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறாளாம். தூரத்தில் பார்க்கும்போது சுருக்கின கோடு. கிட்டே போனால் ஒரு புள்ளி விடாமல் முழு அளவு. நடுவில் உள்ள நிலைகளில் கோட்டின் ஓரத்தில் "இது சுமாரான எல்லை" என்று ஒரு சிறு குறிப்பு. "படம் கொஞ்சம் மெதுவாயிடுச்சா?" என்று கேட்டேன்.

"மூணு மில்லி நொடி கூடுதல் தாத்தா" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.